மண்ணடித்து இறுக்கும் வேலை: ராமநாதபுரம் கடலோரத்தில் கிடைக்கும் சேவை எந்த அளவுக்குத் தேறும்?

புது வீட்டுக்குப் பால் காய்ச்சி, முதல் ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்த பிறகு வாசல் படிக்குக் கீழே குனிந்து பாருங்கள். படி அப்படியே நிற்கும், அதன் அடியில் இருந்த மண் மட்டும் நாலு விரல் இறங்கியிருக்கும். பக்கத்துச் சந்தில் கழிவுநீர்க் குழாய் இணைப்பு விட்டிருக்கும். கார் நிறுத்தும் இடத்துப் பேவர் கல் தொட்டி மாதிரி குழிந்திருக்கும். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டைச் சுற்றி அடித்த மண்தான் இறங்கியிருக்கிறது.

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரம் நெடுகத் தாழ்ந்த மனைகளில் வீடுகள் எழும்புகின்றன. பேஸ்மட்டத்தை ரோட்டைவிட இரண்டடி, மூன்றடி தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். சுற்றியுள்ள இடம் பள்ளமாகவே கிடக்கிறது. அதை நிரப்பித் தர இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் கிடைப்பது ஒரே மாதிரியான ஒப்பந்தம்: மண்ணடித்து, ஜேசிபியால் மட்டம் பண்ணி, கடைசியில் ரோலர் ஓட்டிக் கொடுப்பது. மொத்தமாக ஒரு தொகை. அந்தச் சேவையையும், அதற்குப் பதிலாக நாமே வாடகைக்கு எடுக்கக்கூடிய சிறு இயந்திரங்களையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். லோடு கொண்டுவந்து சேர்ப்பதில் குறை சொல்ல முடியாது. காலையில் சொன்னால் மதியத்துக்குள் டிப்பர் வந்துவிடும். ஜேசிபி ஓட்டுநர்கள் கைதேர்ந்தவர்கள், டியூப் லெவல் வைத்துக் குறி போட்டுக் கொடுத்தால் ஓர் அங்குலம் பிசகாமல் பரப்பிவிடுவார்கள். மட்டம் பண்ணும் வேலைக்கு முழு மார்க் கொடுக்கலாம்.

அளவில்தான் கண் வேண்டும். இங்கே மண் யூனிட் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு யூனிட் 100 கன அடி. டிப்பர் உள்தொட்டியை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்றால் 294 கன அடி, அதாவது ஏறக்குறைய 3 யூனிட். மண் விளிம்பு வரை வந்திருக்கிறதா என்பதை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டும், இறக்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. மணலாக இருந்தால் இன்னொரு விஷயம் உண்டு. லேசாக ஈரம்பட்ட மணல் உப்பிக்கொண்டு, உலர்ந்த மணலைவிடக் கால்பங்கு வரை அதிக இடம் பிடிக்கும். ஈர மணலை யூனிட் கணக்கில் வாங்கினால் அந்த அளவு கைக்கு வராது.

எத்தனை யூனிட் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 40க்கு 60 மனை 2,400 சதுர அடி. அதில் வீடு 1,000 சதுர அடி போனால் மிச்சம் 1,400. இரண்டடி உயர்த்த வேண்டும் என்றால் 2,800 கன அடி, 28 யூனிட். ஆனால் இது இறுகிய பிறகு இருக்க வேண்டிய அளவு. லாரியில் வரும் உதிரி மண் இறுகும்போது சுருங்கும், அதனால் 30 சதவீதம் கூட்டி 36 யூனிட் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரர் 28 யூனிட்டில் முடித்துவிடலாம் என்று சொன்னால், இறுக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

அடுத்து, என்ன மண். சேவையின் மிகப் பலவீனமான இடம் இதுதான். கேட்டால் "நல்ல மண்ணுண்ணே" என்பதற்கு மேல் பதில் வராது. நாமே முதல் லோடைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

வீட்டைச் சுற்றி நிரப்ப ஏற்றது கிராவல் மண்: சரளையும் மணலும் கொஞ்சம் களியும் கலந்தது. நன்றாக இறுகும், இறுகிய பிறகு மழைக்குக் கரையாது. சவடு மண் இடத்துக்கு இடம் மாறும். மணல் கூடுதலாக இருந்தால் சரி, களி கூடுதலாக இருந்தால் வேண்டாம். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலை எக்காரணம் கொண்டும் வீட்டோரம் போடாதீர்கள். மழையில் ஊதி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, சுவரை வருஷத்துக்கு ஒருமுறை தள்ளி இழுக்கும். கண்மாய் வண்டலும் அப்படித்தான். செடிக்கு உரம், அஸ்திவாரத்துக்குச் சுமை. தோட்டம் போடப்போகும் மூலையில் மேலாக ஓரடி போட்டுக்கொள்ளலாம்.

ரப்பீஸ் மலிவாகக் கிடைக்கும். இடித்த செங்கல், காரை, கான்கிரீட் துண்டு எல்லாம் சேர்ந்தது. பெரிய துண்டுகளுக்கு நடுவே பொந்து விழும். மேலே போட்ட மண் மழையில் கரைந்து அந்தப் பொந்துக்குள் இறங்கும். ஆறு மாதம் கழித்துத் திடீரென்று ஓரிடத்தில் குழி விழுவது இதனால்தான். மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட துண்டு எதுவும் நிரப்பலில் இருக்கக் கூடாது. இந்தக் கரையில் பழைய வீடு இடித்த ரப்பீஸில் பவளக்கல்லும் கலந்து வரும். தலைமுறை தலைமுறையாக உப்பைக் குடித்த கல் அது, சுவரோரம் ஆகவே ஆகாது.

கடற்கரை மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மணல் எடுப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதோடு, அதிலுள்ள உப்பு பிளின்த் பீம் (சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்திரம்) கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சுவரில் முட்டளவு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். மணல் எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை போதும். ஒரு டம்ளர் மண், ஐந்து டம்ளர் ஆர்ஓ தண்ணீர். பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் தெளிய விடுங்கள். தெளிந்த நீரில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) வையுங்கள். குவாரியிலிருந்து வந்த கிராவல் மண்ணையும் அதே மாதிரி செய்து ஒப்பிட்டால், கடல் மணலின் எண் பல மடங்கு எகிறியிருக்கும். எந்த லோடுக்கும் நடைச்சீட்டை, அதாவது மண் ஏற்றிவர அனுமதித்த சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அனுமதியில்லாத மண்ணோடு வண்டி பிடிபட்டால் வேலை பாதியில் நிற்கும்.

மண் இறங்குவதற்கு முன் இடத்தைத் தயார் செய்வது பெரும்பாலான ஒப்பந்தங்களில் பேச்சிலேயே வருவதில்லை. மேல்மண்ணை ஆறு அங்குலம் வழித்து எடுக்க வேண்டும், புல்லும் வேரும் அழுகிப்போன சருகும் அதில்தான் இருக்கின்றன. சீமைக்கருவேலம் நின்ற மனையென்றால் மரத்தை வெட்டினால் போதாது, தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். புதைந்த தூர் இரண்டு மூன்று வருஷத்தில் மக்கி, அந்த இடம் பொந்தாகும், கரையானும் குடியேறும். தோண்டிய கட்டையைக் கரிமூட்டம் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டு, சேற்றை வாரி வெளியே போட்ட பிறகுதான் முதல் லோடு. தண்ணீருக்குள்ளேயே மண்ணைக் கொட்டினால் அடியில் சேறு சிக்கிக்கொண்டு, மேலே எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் மாதிரி துள்ளிக்கொண்டே இருக்கும். சேறு முழுதாக வரவில்லை என்றால் அடியில் முக்கால் அடிக்குப் பெருமணலோ உடைகல்லோ பரப்பி, அதன்மேல் தொடங்கலாம்.

இனி, ரோலர். மூன்றடி மண்ணையும் ஒரே மூச்சில் கொட்டிப் பரப்பிவிட்டு, கடைசி நாளில் பெரிய ரோலர் வந்து ஒரு மணி நேரம் ஓடும். "நாலு தடவை ஏத்தி இறக்கியாச்சுண்ணே, கல்லு மாதிரி இருக்கு" என்பார் ஓட்டுநர். அவர் சொல்வது பொய் இல்லை. மேல் ஓரடி உண்மையிலேயே கல் மாதிரிதான் இருக்கும். இறுக்கும் விசை கீழே போகப்போகக் குறையும், அடியில் இருக்கும் இரண்டடி மண் லாரியிலிருந்து விழுந்தபடியே கிடக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியதும் அந்தத் துகள்கள் ஒன்றுக்கொன்று பிடி விட்டுச் சரியும். மூன்றடிக்கு மூன்று நான்கு அங்குல இறக்கம் அப்படித்தான் வருகிறது. ஜேசிபி தொட்டியால் தட்டுவதும், சக்கரத்தால் மிதிப்பதும் இறுக்கம் ஆகாது. சக்கரம் போன தடத்தில் மட்டும் இறுகி, பக்கத்தில் உதிரியாக நின்று, பிறகு வரி வரியாகப் பள்ளம் விழும். இந்தப் பகுதி வேலைக்கு மார்க் கொடுக்க மனம் வரவில்லை.

மண் அடுக்கடுக்காக ஏற வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் உதிரியாக ஆறு அங்குலம், இறுகிய பின் நாலரை முதல் ஐந்து அங்குலம். இரண்டடிக்கு ஐந்து அடுக்கு. மேலே சொன்ன 1,400 சதுர அடிக்கு ஓர் அடுக்குக்கு 7 யூனிட் பிடிக்கும், அதாவது 3 யூனிட் டிப்பர் இரண்டு, டிராக்டர் ஒரு லோடு. ஒப்பந்தம் பேசும்போது இந்தக் கணக்கில் பேசினால் எல்லாருக்கும் புரியும்: "மூன்று லோடு வந்ததும் நிறுத்தணும், இறுக்கி முடிச்ச பிறகுதான் அடுத்த மூன்று."

இதற்கு வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரங்களில் பிளேட் காம்பாக்டர் கிராவலுக்கும் மணலுக்கும் சரியாக இருக்கும். 80, 90 கிலோ எடை, அடித்தட்டு அதிர்ந்துகொண்டே முன்னால் நகரும். ஓர் இடத்தில் நான்கு முறை போய்வர வேண்டும், ஒவ்வொரு முறையும் முந்தின தடத்தின் மூன்றில் ஒரு பங்கை மூடியபடி. 1,400 சதுர அடி அடுக்கு ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று அடுக்கு, இரண்டு நாளில் மொத்த வேலையும் முடிந்துவிடும். ஆறு அங்குலத்துக்கு மேல் கனமாகப் பரப்பினால் இந்த இயந்திரத்தால் அடிவரை எட்ட முடியாது. களி கலந்த மண்ணில் இது வழுக்கிக்கொண்டு போகுமே தவிர இறுக்காது. அங்கே ராமர் (rammer) என்ற இயந்திரம் வேண்டும், எம்பி எம்பிக் குத்தும் வகை, 60 முதல் 75 கிலோ. சுவர் மூலை, குழாய்ப் பள்ளம், செப்டிக் டேங்க் ஓரம் எல்லாவற்றுக்கும் ராமர்தான் போகும். ஓட்டுகிறவருக்குக் கை விட்டுப்போகும் வேலை, ஆள் மாற்றிப் பிடிக்க இருவர் தேவை. ஒரு டன் மினி ரோலர் பெரிய மனைக்கு நன்று, அரை ஏக்கர் தோப்பு வீட்டுக்கு அதைப் பிடிக்கலாம். சின்ன மனையில் திரும்பவே இடம் இருக்காது. இயந்திரம் எதுவும் நுழையாத இடத்துக்குப் கையால் தூக்கி இடிக்கும் பழைய திமிசுக் கட்டையை மறக்க வேண்டாம். நான்கு அங்குல அடுக்காகப் போட்டுப் பொறுமையாக இடித்தால் அதுவும் நன்றாக இறுக்கும்.

எடுக்கும்போதே இயந்திரத்தை ஓடவிட்டுப் பாருங்கள். அடித்தட்டு தேய்ந்து விளிம்பு மேலே வளைந்திருந்தால், பெல்ட் தளர்ந்து அதிர்வு சோர்ந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். சோர்ந்த இயந்திரம் பத்து முறை போனாலும் பலன் வராது, வாடகைதான் ஏறும்.

ஈரம் சரியாக இல்லாவிட்டால் எந்த இயந்திரமும் தோற்கும். காய்ந்த மண்ணில் துகள்கள் உரசிக்கொண்டு நகராது. ஈரம் மிஞ்சினால் இடையில் தண்ணீர் நிறைந்து, அமுக்க அமுக்கத் துள்ளும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டால் மூன்று நான்கு துண்டாக உடைய வேண்டும். தூளாகப் போனால் தண்ணீர் போதாது, சப்பையாக ஒட்டிக்கொண்டால் மிஞ்சிவிட்டது. 7 யூனிட் அடுக்கில் ஈரத்தை நாலு சதவீதம் ஏற்றவே ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும், இரண்டு குடம் தெளித்து ஆகிற காரியம் இல்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தெளித்த தண்ணீர் அரை மணியில் பறந்துவிடும். பரப்பிய உடனே தெளித்து, புரட்டி, உடனே இறுக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து இறுக்கலாம் என்று விட்டால் மறுபடி தெளிக்க வேண்டியதுதான். தண்ணீருக்குச் சொந்தப் போர்வெல்லையே நம்பாதீர்கள். இந்தக் கரையில் பல இடத்தில் அது உவர்நீர், சுவரோர அடுக்குக்கு நல்ல தண்ணீர் டேங்கர்தான் வேண்டும்.

சுத்தமான மணல் மட்டும் விதிவிலக்கு. எட்டு ஒன்பது அங்குல அடுக்காகப் போட்டு, தண்ணீர் தேங்கும்படி கட்டி விட்டால் அது வடிந்து இறங்கும்போதே மணலை இழுத்துப் படிய வைக்கும், பிறகு பிளேட்டை ஒரு முறை ஓட்டினால் போதும். தண்ணீர் கட்டும் இந்த முறையைக் களிமண்ணுக்குச் செய்கிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் சேறாகவே கிடக்கும், செய்ய விடாதீர்கள். மணலால் நிரப்பிய மனைக்கு ஓரத்தில் தடுப்பும், மேலே ஆறு அங்குலக் கிராவல் மூடாக்கும் கட்டாயம். இல்லாவிட்டால் கச்சான் பாதியை அள்ளிக்கொண்டு போகும், மழை மீதியை அரிக்கும்.

வேலை சரியா என்று பார்க்க 12 மில்லி கம்பியை ஒவ்வோர் அடுக்கிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் கையால் அழுத்துங்கள். நான்கு அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடம் இறுகவில்லை. இது கை மதிப்பு. எண்ணாகவே வேண்டும் என்றால், சமையலறைத் தராசும் தோசைக்கல்லும் போதும். இறுக்கிய அடுக்கில் நாலரை அங்குலம் ஆழத்துக்கு ஒரு சிறு குழியைக் கரண்டியால் வெட்டி, வரும் மண்ணைத் துளி சிந்தாமல் பையில் சேர்த்து எடை போடுங்கள், 3.8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் படியவிட்டு, விளிம்பு மட்டத்துக்கு அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். 2 லிட்டர் பிடித்தால் ஈர அடர்த்தி லிட்டருக்கு 1.9 கிலோ. அதே மண்ணில் 109 கிராமை தோசைக்கல்லில் எடை மாறாத வரை வறுத்தால் 100 கிராம் மிஞ்சுகிறது என்றால் ஈரம் 9 சதவீதம். 1.9ஐ 1.09ஆல் வகுத்தால் உலர் அடர்த்தி 1.74. இந்த மண்ணுக்கு ஆய்வகத்தில் பிராக்டர் சோதனை (மண் எவ்வளவு இறுகும் என்று பார்ப்பது) செய்து கிடைத்த உச்ச அடர்த்தி 1.83 என்றால், நீங்கள் எட்டியது 95 சதவீதம். வீட்டைச் சுற்றிய நிரப்பலுக்கு அது தாராளமாகப் போதும். 90க்குக் கீழே வந்தால் அந்த அடுக்கைக் கிளறி, ஈரம் பார்த்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

சுவரிலிருந்து மூன்றடி வரை ரோலரை விடாதீர்கள். புதுக் கட்டின் மேல் அதிர்வும் பக்க அழுத்தமும் சேர்ந்து பிளின்த் பூச்சை விரிசல் விட வைக்கும். அந்த மூன்றடிக்கு ராமரும் திமிசும்தான். மண் மட்டம் ஈரத்தடுப்புப் பூச்சுக்கு ஆறு அங்குலம் கீழேயே நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றினால் ஈரம் நேரே சுவருக்குள் போகும். சுவரிலிருந்து வெளியே பத்தடிக்கு ஆறு அங்குலம் சரிவு கொடுத்தால் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பாது.

காம்பவுண்ட் சுவர் இன்னொரு சிக்கல். ஒரு பக்கம் மட்டும் மூன்றடி மண் ஏறினால் அது மண் தாங்கும் சுவர் ஆகிவிடுகிறது. நாலரை அங்குலச் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அதைத் தாங்கக் கட்டியது அல்ல, முதல் பெருமழையில் வெளிப்பக்கம் சாயும். அடியிலாவது கருங்கல் கட்டோ கான்கிரீட்டோ இருக்க வேண்டும், ஐந்தாறு அடிக்கு ஒன்று வீதம் மூன்று அங்குலக் குழாய்த் துண்டு வைத்து நீர் வடிய வழிவிட வேண்டும், குழாயின் உள்வாய்க்கு ஒரு கூடை ஜல்லி. செப்டிக் டேங்கைச் சுற்றி நிரப்பும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இந்தக் கரையில் காலித் தொட்டி மழைக்காலத்தில் மிதந்து எழும், சுற்றி இறுக்கும்போது சுவரும் உள்ளே தள்ளும். நான்கு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும், ஒரே பக்கம் கொட்டக் கூடாது. மண்ணை நிரப்பி முடித்த பிறகு பள்ளம் வெட்டிக் குழாய்களைப் பதிப்பது நல்லது. முன்னாலேயே பதித்து மேலே மண்ணைக் கொட்டினால் மண் இறங்கும்போது குழாயையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆக, மொத்த ஒப்பந்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்க முடியவில்லை. மண்ணையும் ஜேசிபியையும் அவர்களிடமே வாங்குங்கள், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இறுக்கும் வேலையைப் பிரித்து, பிளேட்டும் ராமரும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, அனுபவமுள்ள இரண்டு ஆளை வைத்துச் செய்யுங்கள். பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்றால், பேச்சில் மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஆறு அங்குல அடுக்கு, ஒவ்வோர் அடுக்குக்கும் கம்பிச் சோதனை, கடைசித் தவணை கார்த்திகை கழிந்த பிறகு. ஆவணிக்குள் நிரப்பி முடித்தால் ஒரு மழைக்காலம் அதன்மேல் போய்விடும். பேவர் கல்லை அந்த மழை முடிந்து தையில் போடலாம்.

கடைசி லோடில் ஒரு டிராக்டர் மண்ணை மனையின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருங்கள். எவ்வளவு நன்றாக இறுக்கினாலும் சுவரோரத்தில் ஓர் அங்குலம், அரை அங்குலம் இறங்கும். மழை விட்டதும் அந்த இடங்களைக் கொத்திவிட்டு, அதே மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசால் இடித்தால் பழைய மண்ணோடு சேர்ந்துகொள்ளும்.